கீழ்க் குழாய்

ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை.
ரொட்டிக்கடை வாசலில் கால்மணி நேரம்
இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினாலும்
முள் நடுவிலேயே படுத்துக் கிடக்கும்,
சாப்பிட்ட நாய்போல.

மிராண்டா மலைப்பாதையில்தான்.
இரண்டாம் கியர், இருபுறமும் சிவப்பு மண்,
ஒன்பதாவது வளைவில் முள் எழுந்து உட்காரும்.
பதினோராவதில் நான் நிறுத்திவிடுவேன்.
அங்கிருக்கும் கல் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்.

ஃபோர்ட் ஃபால்கன், எழுபத்து நாலு மாடல்,
ஆறு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர்.
பின்சீட்டில் தடுப்பூசிப் பெட்டி.
முன்னால் கொதிக்கிறது, பின்னால் உருகுகிறது,
நடுவில் நான், கையில் தண்ணீர்க் கேனோடு.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

கலவை மெலிந்துபோச்சு என்றார்
பெட்ரோல் பங்க் எவரிஸ்தோ.
பெரிய ஜெட் ஒன்றைப் போட்டுவிட்டார்.
அதன்பின் வண்டி குடித்த குடிக்கு
என் சம்பளத்தில் பாதி போனது.
முள் அதே ஒன்பதாவது வளைவில் எழுந்தது.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறி என்றாள்
பக்கத்து வீட்டு எர்மெலிந்தா.
எறிந்தோம்.
காலையில் வண்டி நடுங்கியது, மலையில் கொதித்தது.

கொழுந்தன் ருஃபீனோ டிஸ்ட்ரிபியூட்டரை
ஒரு விரற்கடை திருப்பினான்.
ஏற்றத்தில் இன்ஜின்
தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கிய மாதிரி
சத்தம் போட ஆரம்பித்தது.

என் கணவன் அன்செல்மோ மட்டும்
எதையும் தொடவில்லை.
கேஸ்கட் போயிருக்கும், விற்றுவிடலாம் என்றான்
செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

நான் நர்ஸ்.
காய்ச்சல்காரனிடம் முதலில் கேட்பது
எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்றுதான்.
கேட்டேன். சார்ட் தாளின் முதுகில் எழுதினேன்.

நின்றால் இறங்குகிறது.
அப்படியானால் விசிறி குற்றவாளி இல்லை.
எண்ணெயில் வெண்மை இல்லை,
புகையில் வெண்மை இல்லை, கேஸ்கட்டும் இல்லை.
வேகமாய்ச் சுழன்றால் மட்டும் ஏறுகிறது.
வேகமாய்ச் சுழலும்போது
நான் எப்போதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால்.
பானெட்டுக்கு முன்னால் ஒருவரும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அன்செல்மோவை உட்காரவைத்தேன்.
மிதி என்றேன்.
இன்னும் மிதி.

ரேடியேட்டருக்குக் கீழிருந்து
பம்புக்குப் போகும் ரப்பர் குழாய்
மாத்தே உறிஞ்சும் கிழவனின் கன்னம்போல
மெல்ல உள்ளே ஒட்டியது.
ஒட்டியே இருந்தது.
விடு என்றேன்.
உப்பிக்கொண்டது, ஒன்றுமே நடக்காததுபோல.

மிதி.
ஒட்டியது.
விடு.

உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்கவேண்டுமே,
குழாய் ஒட்டாமல் தாங்குவதற்கு?

அவன் பதில் சொல்லவில்லை.
கோழிக்கூட்டைப் பார்த்தான்.

போன ஆகஸ்டில் குழாய் மாற்றியவன் அவன்தான்.
ஒரு கம்பி மிஞ்சியது,
எதற்கென்று தெரியவில்லை, ஆனால் நல்ல கம்பி.
எட்டு மாதமாக எங்கள் கூட்டுக் கதவு
தானாகவே சாத்திக்கொண்டிருந்தது.
வருகிறவர்களுக்கெல்லாம்
திறந்து திறந்து காட்டியிருக்கிறான்.

திங்கட்கிழமை
பதினோராவது வளைவை அடையாளம் தெரியாமலே கடந்தேன்.
பதினாலில்தான் புரிந்தது.
அந்தப் பக்கத்து ஊருக்கு
ஐஸ் ஐஸாகவே போய்ச் சேர்ந்தது.

திரும்பி வரும்போது தெருவெல்லாம் கோழி.
அன்செல்மோ இரண்டு அக்குளிலும் ஒவ்வொன்றாக
எர்மெலிந்தாவின் வேலி தாண்டிக்கொண்டிருந்தான்.
முள்? என்றான்.
நடுவில் என்றேன்.

இனி பழைய ஜெட்டைப் போடவேண்டும்,
தெர்மோஸ்டாட் வாங்கவேண்டும்,
ருஃபீனோவின் விரற்கடையைத் திருப்பவேண்டும்.
நோய் ஒரு நாளில் போய்விட்டது,
வைத்தியங்களைக் கழற்ற ஒரு வாரம் ஆகும்.

பழுப்புக் கோழி ஒன்று பறந்து
பானெட்டின்மேல் உட்கார்ந்தது.
கையால் ஓட்டிப் பார்த்தேன்.
இறகை உப்பிக்கொண்டு
இன்னும் நன்றாக அமர்ந்துகொண்டது.
அந்த அளவுதான் சூடு.